ஆளில்லாத ஜப்பானிய ரயில் நிலையத்துக்குப் போய்த் திரும்புவது எப்படி?

முதல்முறை நான் ஜப்பானில் ஒரு கிராமத்து வண்டியில் ஏறியபோது பர்ஸில் இருந்தது ஒரே ஒரு பத்தாயிரம் யென் தாள். இறங்கவேண்டிய நிலையம் வந்தது. ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருந்த பெட்டியில் காசைப் போட வேண்டும். பெட்டி மீதி தராது. சில்லறை மாற்றும் துவாரமோ ஆயிரம் யென் தாளை மட்டும்தான் வாங்கும். என் தாளைப் பார்த்து ஓட்டுநர் தலையைச் சாய்த்தார். பின்னால் நின்ற பாட்டி ஒருவர் கைப்பையைத் திறந்து, ஆயிரம் யென் தாள்கள் பத்தை எண்ணி என்னிடம் கொடுத்துவிட்டுப் பெரிய தாளை வாங்கிக்கொண்டார். வண்டி இரண்டு நிமிடம் தாமதம். தாமதத்துக்காக ஓட்டுநர் ஒலிபெருக்கியில் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். தப்பு முழுக்க என்னுடையது.

அந்த வெட்கம் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆளில்லாத நிலையத்தை ஜப்பானில் 'முஜின் எக்கி' என்பார்கள். நிலைய அதிபர் கிடையாது, டிக்கெட் கொடுக்க ஆள் கிடையாது, பெரும்பாலும் தானியங்கிக் கதவும் கிடையாது. அபூர்வமான ஒன்று என்று நினைக்காதீர்கள். 2020 மார்ச் மாத அரசுக் கணக்குப்படி நாட்டில் இருந்த 9,465 நிலையங்களில் 4,564 இப்படித்தான். கிட்டத்தட்ட பாதி. கிராமத்தில் மக்கள்தொகை குறைகிறது, பயணிகள் குறைகிறார்கள், ஆள் வைத்துக் கட்டுப்படியாகவில்லை. நிலையத்தில் ஆள் இல்லாததால் அந்த வேலையெல்லாம் வண்டி ஓட்டுநரின் தலையில் விழுந்திருக்கிறது. வண்டியின் முன்கதவுதான் டிக்கெட் கவுன்ட்டர் என்று மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மீதிப் பாதி, திரும்பும் வண்டி.

ஒரு நிலையத்தை வைத்துச் சொல்கிறேன். ஷிக்கோகு தீவில், எஹிமே மாவட்டத்தில், இயோ நகராட்சியைச் சேர்ந்த ஷிமோனாடா. 1935-ல் திறந்தது. ஒரே நடைமேடை, ஒரே தண்டவாளம், தூண்கள் தாங்கும் சின்னக் கூரை, அதன் கீழ் பெஞ்சு, எதிரே கடல். ஒரு காலத்தில் அலை நடைமேடைக்கு அடியிலேயே அடித்தது. பிறகு கடலோரத்தை நிரப்பிச் சாலை போட்டுவிட்டார்கள். ஆனாலும் நடைமேடையில் நின்றால் சாலை அவ்வளவாகக் கண்ணில் படாது, கடல்தான் தெரியும். 'செய்ஷுன் 18' என்ற மலிவுப் பயணச்சீட்டின் விளம்பரச் சுவரொட்டிகளில் வந்து பிரபலமான இடம் இது.

கிளம்புவதற்கு முந்தின நாள்

எல்லோரும் போகிற வண்டியைத் தேடுவார்கள். நீங்கள் திரும்பும் வண்டியை முதலில் பாருங்கள். ஷிமோனாடா பக்கம் ஒரு வண்டி போனால் அடுத்தது வர இரண்டு மணி நேரம், சில வேளை அதற்கும் மேல் ஆகும். எந்த வண்டியில் திரும்பப் போகிறீர்கள், அதைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது, கடைசி எது என்று மூன்று நேரங்களைக் காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். போனில் இருந்தாலும் காகிதத்தில் எழுதுங்கள். சார்ஜ் தீர்வதும் இந்த மாதிரி இடத்தில்தான்.

நேரத்தைக் கூகுள் மேப்ஸிலேயே பார்க்கலாம். ஆனால் ஜப்பானில் ஆண்டுதோறும் மார்ச் மாதம் கால அட்டவணை மாறும். போன வருடம் யாரோ எழுதிய பயணக்குறிப்பில் இருக்கும் நேரத்தை நம்பிப் போகாதீர்கள்.

அடுத்தது சில்லறை. ஆயிரம் யென் தாள் நாலைந்து, நூறு யென் நாணயம் ஒரு பத்து, பத்து யென் நாணயம் கொஞ்சம். ஐயாயிரம், பத்தாயிரம் தாள்களை முந்தின இரவே ஏதாவது கன்வீனியன்ஸ் ஸ்டோரில் தண்ணீர் பாட்டில் வாங்கி உடைத்துவிடுங்கள். 2021-ல் வந்த புதிய ஐந்நூறு யென் நாணயத்தைச் சில பழைய இயந்திரங்கள் துப்பிவிடும். அதை நம்பியும் இருக்க வேண்டாம்.

"என்னிடம் ஐசி அட்டை இருக்கிறதே, தட்டிவிட்டுப் போகலாமே" என்பீர்கள். முன்பணம் ஏற்றித் தட்டும் சுய்கா, இகோகா மாதிரி அட்டைகள் நகரத்தில் ராஜா, இங்கே செல்லாக்காசு. ஷிமோனாடா இருக்கும் யோசான் பாதையின் இந்தப் பகுதியில் அட்டை செல்லாது. வேறு ஊரில் நுழையும்போது அட்டையைத் தட்டிவிட்டு, அட்டை செல்லாத நிலையத்தில் போய் இறங்கினால் முழுக் கட்டணத்தையும் ரொக்கமாகக் கொடுக்க வேண்டும். அட்டையில் 'உள்ளே நுழைந்தவர் வெளியே வரவில்லை' என்று பதிவாகி நிற்கும். பிறகு ஆளுள்ள நிலையத்தில் போய் அதைச் சரிசெய்யும்வரை அட்டை வேலை செய்யாது. அதனால் கிராமத்துப் பாதை என்றால் காகிதச் சீட்டு. ஜேஆர் பாஸ் (குறிப்பிட்ட நாட்களுக்கு ஜேஆர் ரயில்களில் இஷ்டம்போலப் போகும் சீட்டு) வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை; இறங்கும்போது ஓட்டுநரிடம் காட்டினால் போதும்.

சரியான வண்டியில் ஏறுவது

ஷிமோனாடாவுக்கு எஹிமேயின் பெரிய நகரமான மட்சுயாமாவில் வண்டி பிடிப்பீர்கள். அந்த நிலையத்தில்தான் முதல் பொறி. அங்கிருந்து தெற்கே போகும் பாதை முகாய்பாரா என்ற இடத்தில் இரண்டாகப் பிரிகிறது. 1986-ல் திறந்த புதிய பாதை மலையைக் குடைந்து உச்சிகோ வழியாகப் போகும். பழைய பாதை கடலோரமாக இயோ-நாகாஹாமா வழியாகப் போகும். இரண்டும் கடைசியில் ஓசு ஊர்ப்பக்கம் சேர்ந்துகொள்ளும். ஆகவே பலகையில் அதற்கும் அப்பாலுள்ள 'யாவாதாஹாமா' என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்து ஏறினால் மலைக்குள் போய்விடுவீர்கள். 'உவாகாய்' என்ற வேகவண்டி எப்போதும் மலைவழிதான். ஷிமோனாடாவை அது பார்த்ததே இல்லை. சில வண்டிகள் பாதி தூரத்தில் இயோஷியோடு நின்றுவிடும். ஏறும்முன் யாரிடமாவது "ஷிமோனாடா, இக்கிமாசு கா?" என்று கேளுங்கள். ஷிமோனாடாவுக்குப் போகுமா என்று பொருள். தலையாட்டினால் ஏறலாம், கைகளைக் குறுக்காக வைத்துக் காட்டினால் இறங்கிவிடுங்கள்.

டிக்கெட்டை மட்சுயாமாவிலேயே வாங்கிவிடுவது நல்லது. ஒரு விஷயம்: நூறு கிலோமீட்டருக்கு உட்பட்ட சாதாரணச் சீட்டில் வழியில் இறங்கி ஊர்சுற்றிவிட்டு அதே சீட்டில் தொடர முடியாது. இறங்கினால் சீட்டு முடிந்தது.

ஊர்ப்பெயர் எழுத்திலும் ஒரு குழப்பம் வரும். ஷிமோனாடாவுக்கு முந்தின நிலையம் இயோ-காமினாடா. 'காமி' என்றால் மேல், 'ஷிமோ' என்றால் கீழ். நம் ஊர் மேலூர், கீழூர் மாதிரி. அடியில் ஒரு கோடு போட்டு அதன்மேல் நட்டு வைத்த மாதிரி இருந்தால் மேல். மேலே ஒரு கோடு, அதிலிருந்து தொங்குகிற மாதிரி இருந்தால் கீழ். தொங்குகிறதில்தான் நீங்கள் இறங்க வேண்டும். கால அட்டவணையிலும் இதே இரண்டு எழுத்துகள் வரும். 'நோபொரி' என்ற மேல்திசை வண்டி மட்சுயாமா பக்கம் போவது, 'குதாரி' என்ற கீழ்திசை வண்டி அங்கிருந்து விலகிப் போவது. மலை ஏறுவது இறங்குவதோடு இதற்குச் சம்பந்தம் இல்லை. தலைநகர் டோக்கியோ பக்கம் போவது மேல்.

ஏறும்முன் மட்சுயாமாவிலேயே கழிப்பறைக்குப் போய்விடுங்கள். இந்தப் பாதையில் ஓடும் டீசல் பெட்டிகளில் கழிப்பறை இல்லாதவை உண்டு. சுமார் ஒரு மணி நேரப் பயணம். வலது பக்கம் உட்காருங்கள், கடல் அந்தப் பக்கம்தான்.

வண்டிக்குள் நடக்கிற கணக்கு

இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். புதிதாகப் போகிறவர்கள் திணறுவது இந்த இடத்தில்தான்.

ஒரே ஊழியரோடு ஓடும் வண்டியை 'வான்மன்' என்பார்கள். ஆங்கிலத்தில் 'ஒன் மேன்' என்பது ஜப்பானிய வாயில் அப்படி ஆகியிருக்கிறது. வழக்கமான முறை: முதல் பெட்டியின் பின்கதவில் ஏற வேண்டும், முன்கதவில் இறங்க வேண்டும். இரண்டு பெட்டி வண்டியாக இருந்தாலும் ஆளில்லாத நிலையத்தில் இரண்டாவது பெட்டியின் கதவு திறக்காது. அதன் கதவருகே நின்று பொத்தானை அழுத்திக்கொண்டே வண்டி கிளம்புவதைப் பார்த்தவர்களை எனக்குத் தெரியும். கதவுக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும். ஒரு மலைமேல் இன்னொரு மலையை வைத்த மாதிரி எழுத்து இருந்தால் அது வெளிவாசல். கூரை முகடு மாதிரி இரண்டு கோடு சாய்ந்திருந்தால் உள்வாசல்.

பின்கதவில் ஏறியதும் இடுப்பு உயரத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதன் வாயில் ஒரு துண்டுச்சீட்டு நாக்கு நீட்டின மாதிரி நிற்கும். அதுதான் 'செய்ரிகென்'. அதில் ஓர் எண் இருக்கும். நீங்கள் எந்த நிலையத்தில் ஏறினீர்கள் என்பதற்கு அந்த எண்தான் சாட்சி. கையில் டிக்கெட் இல்லையென்றால் கட்டாயம் எடுக்க வேண்டும். இருந்தாலும் எடுத்து வைப்பதில் தப்பில்லை. செய்ரிகென்னும் இல்லை, டிக்கெட்டும் இல்லை என்றால் வண்டி கிளம்பிய இடத்திலிருந்தே கட்டணம் கேட்கலாம்.

ஓட்டுநரின் தலைக்கு மேலே ஒரு பலகை. அதில் கட்டம் கட்டமாக எண்கள், ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே ஒரு தொகை. உங்கள் சீட்டில் 5 என்று இருந்தால் 5-ஆம் கட்டத்தைப் பாருங்கள். ஒவ்வொரு நிலையம் தாண்டும்போதும் தொகைகள் மாறி ஏறிக்கொண்டே போகும். நீங்கள் இறங்கும் நிலையத்தின் பெயர் பலகையில் வரும்போது உங்கள் கட்டத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் நீங்கள் தர வேண்டியது. சிறுவர்களுக்கு, ஆறு வயது முதல் பதினொன்று வரை, பாதி. ஆறுக்குக் கீழே பெரியவரோடு வந்தால் இலவசம், ஒருவருக்கு இரண்டு குழந்தைகள் வரை.

சில்லறை இல்லையா? வண்டி ஏதாவது நிலையத்தில் நிற்கும்போது முன்னால் போய், கட்டணப் பெட்டியில் இருக்கும் மாற்றும் துவாரத்தில் ஆயிரம் யென் தாளைக் கொடுத்தால் நாணயங்கள் கொட்டும். எப்படி என்று புரியாவிட்டால் "ரியோகாயே" என்று சொல்லித் தாளைக் காட்டுங்கள், ஓட்டுநர் காட்டிக்கொடுப்பார். ஓடும்போது ஓட்டுநரிடம் பேசாதீர்கள். அவர் வெள்ளைக் கையுறை விரலால் சிக்னலைச் சுட்டிக்காட்டி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருப்பார். விளையாட்டு இல்லை, கவனம் பிசகாமல் இருக்க ஜப்பானில் காலங்காலமாக இருக்கும் வேலைமுறை அது.

மாற்றிய நாணயங்களை எண்ணிச் சரியான தொகையை உள்ளங்கையில் தனியாக வையுங்கள். இறங்கும்போது அதையும் செய்ரிகென்னையும் சேர்த்துப் பெட்டியில் போட வேண்டும். கண்ணாடிக்குள் ஒரு சின்னப் பட்டை ஓடும்; காசு அதில் நகர்ந்துபோகும்போது ஓட்டுநர் ஒரு பார்வை பார்ப்பார். அவ்வளவுதான், "அரிகாதோ கொசைமாஷ்தா" என்று நன்றி சொல்வார். கூடுதலாகப் போட்டால் போட்டதுதான், மீதி வராது. மாற்றும் துவாரமும் போடும் துவாரமும் ஒரே பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அவசரத்தில் ஆயிரம் ரூபாய்த் தாளைத் தவறான வாயில் திணித்துவிடாதீர்கள். (பார்த்தீர்களா, ரூபாய் என்றே எழுதிவிட்டேன். பதற்றத்தில் கையும் அப்படித்தான் பழக்கதோஷத்தில் போகும்.)

குளிர்ப் பிரதேசங்களில் கதவு தானாகத் திறக்காது. பக்கத்தில் பொத்தான் இருக்கும், அழுத்த வேண்டும். ஏறியபின் உள்ளே இருக்கும் பொத்தானை அழுத்தி மூடவும் வேண்டும். பனிக்காலத்தில் மூடாமல் போய் உட்கார்ந்தால் பெட்டி முழுவதும் உங்களைத் திரும்பிப் பார்க்கும். ஒன்றும் சொல்லமாட்டார்கள், அதுதான் கஷ்டம்.

வண்டி போன பிறகு

இறங்கியதும் ஒரு நிமிடம் நடைமேடையில் நில்லுங்கள். டீசல் இரைச்சல் வளைவைத் தாண்டி மறைகிறவரை கேட்கும். பிறகு கடலும், எங்கோ கத்தும் பருந்தும். இதற்காகத்தானே வந்தீர்கள். பிறகு நேராகக் கால அட்டவணை ஒட்டியிருக்கும் சுவருக்குப் போய், சட்டைப்பையில் எழுதி வைத்த மூன்று நேரங்களோடு ஒத்துப் பாருங்கள். பயண நாள் சனி, ஞாயிறு அல்லது விடுமுறை என்றால் சில வண்டிகள் ஓடாமல் இருக்கலாம். பக்கத்தில் குறி போட்டிருப்பார்கள். போன் கேமராவில் மொழிபெயர்த்துப் பார்த்துவிடுங்கள்.

ஷிமோனாடாவில் சில வேளைகளில் ஆளில்லாத நிலையம் என்றே தோன்றாது. காரில் வருகிறவர்கள், புகைப்படக்காரர்கள், அந்த ஒரே பெஞ்சில் உட்கார வரிசை. 2014 முதல் ஓடும் 'இயோனாடா மொனொகாதாரி' என்ற சுற்றுலா வண்டி வந்து நிற்கும் நேரத்தில் இன்னும் கூட்டம். அமைதி வேண்டுமென்றால் காலை நேரத்தில் போங்கள். அந்தி வேண்டுமென்றால் கூட்டத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். சூரியன் நேரே கடலுக்குள் இறங்கும் திசை அது. இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது. என்னைக் கேட்டால் காலைதான்.

படம் எடுப்பது உங்கள் இஷ்டம், ஆனால் தண்டவாளத்தில் இறங்காதீர்கள். வண்டி வரும்போது நடைமேடை விளிம்புக்கு வராதீர்கள், ஓட்டுநர் ஹாரன் அடித்து நிறுத்தினால் பின்னால் வரும் எல்லா நேரமும் தள்ளிப்போகும். நிலையத்தை ஒட்டி வீடுகள் இருக்கின்றன. பூச்செடிகளை வைத்துப் பராமரிப்பது ஊர்க்காரர்கள். குப்பைத்தொட்டியை எதிர்பார்க்காமல் ஒரு பையைக் கொண்டுபோய்க் குப்பையைத் திரும்ப எடுத்து வாருங்கள்.

சாப்பாடும் கையோடு வேண்டும். கடை இருந்தாலும் எல்லா நாளும் திறந்திருக்காது. சைவம் சாப்பிடுகிறவர்கள் ஓனிகிரி என்ற சோற்று முக்கோணத்தில் 'உமே' வகையைப் பார்க்கலாம். உள்ளே ஊறவைத்த பிளம், நம் நாரத்தங்காய் ஊறுகாய்க்குச் சொந்தக்காரன் மாதிரி புளிக்கும். ஆனால் அதிலும் சில தயாரிப்புகளில் மீன்சாறு சேர்ப்பார்கள், லேபிளை மொழிபெயர்த்துப் பார்த்தபின் வாங்குங்கள்.

இம்மாதிரி நிலையங்கள் பலவற்றின் காத்திருப்பு அறையில் ஒரு நோட்டுப் புத்தகம் கிடக்கும். 'எக்கி நோட்டோ' என்பார்கள். வந்தவர்கள் தேதி போட்டு ஏதாவது எழுதிவிட்டுப் போவார்கள். தமிழிலும் எழுதலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

இதைவிடக் கடினமானவை

ஷிமோனாடா சுலபம். பழகியபின் வேறு சிலவற்றுக்குப் போகலாம். குன்மா மாவட்டத்து தோஅய் நிலையத்தில் ஒரு திசை நடைமேடை சுரங்கத்துக்குள் ஆழத்தில் இருக்கிறது. மினாகாமி நிலையத்திலிருந்து போனால் அங்கேதான் இறங்குவீர்கள். வெளியே வர 462 படி, அதற்குப் பிறகு இன்னும் 24. மினாகாமிக்குத் திரும்பும் வண்டி தரைமட்ட நடைமேடையிலிருந்து கிளம்புவதால் திரும்பும்போது படி இல்லை. முழங்கால் வலிக்காரர்கள் யோசித்துப் போங்கள்.

ஹொக்கைடோவின் கொபொரோ இரண்டு சுரங்கங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட நிலையம். கார் வரும் சாலை கிடையாது, வீடு கிடையாது. ரயில் நிறுவனம் மூடிவிட நினைத்தது. தொயொஉரா ஊராட்சி பராமரிப்புச் செலவைத் தான் ஏற்றுக்கொண்டு 2016 முதல் காப்பாற்றி வருகிறது. நிற்கும் வண்டிகளை விரல்விட்டு எண்ணலாம், கரடி நடமாடும் வட்டாரம். முதல் பயணமாக இதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

அப்புறம், வாட்ஸாப்பில் வந்திருக்கும்: ஒரே ஒரு பள்ளி மாணவிக்காக ஜப்பானில் ஒரு ரயில் நிலையத்தைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று. அது ஹொக்கைடோவின் ஷிராதாகி பக்கத்துக் கதை. மாணவி இருந்தது உண்மை. 2016 மார்ச்சில் அவர் படிப்பு முடிந்ததும் உண்மை. ஆனால் அந்த மாதக் கால அட்டவணை மாற்றத்தில் அங்கே மூன்று நிலையங்கள் ஒன்றாக மூடப்பட்டன. காரணம், ஏற ஆள் இல்லை. அந்த நிலையத்தைப் பார்க்கப் போகலாமா என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன், இப்போது அங்கே வண்டி நிற்காது.

திரும்பும் நேரம்

வண்டி வரப் பத்து நிமிடம் முன்பே நடைமேடைக்கு வந்துவிடுங்கள். முதல் பெட்டியின் பின்கதவு நிற்கும் இடத்தை நடைமேடையில் குறித்திருந்தால் அங்கே நில்லுங்கள், இல்லையென்றால் உள்ளூர்க்காரர் யாராவது நிற்கும் இடத்துக்குப் பின்னால். ஒலிபெருக்கி ஜப்பானிய மொழியில் ஏதாவது சொன்னால் இரண்டே சொற்களுக்குக் காது கொடுங்கள். 'ஒகுரெ' என்றால் தாமதம், காத்திருக்கலாம். 'உன்க்யூ' என்றால் அந்த வண்டி ரத்து. செப்டம்பர் புயல் காலத்தில் இரண்டாவது சொல் வரக்கூடும். அப்படி வந்தால் டாக்சியை அழைக்க வேண்டியதுதான். பக்கத்து நிலையத்துக்கு நடந்துபோய்ப் பயனில்லை, அங்கேயும் இதே வண்டிதான் வர வேண்டும்.

வண்டி வந்தால் பின்கதவில் ஏறுங்கள். சீட்டு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும், எடுங்கள். மட்சுயாமாவில் ஆளுள்ள வாசலில் சீட்டையும் காசையும் கொடுத்தால் போதும், அங்கே பத்தாயிரம் யென் தாளுக்கும் மீதி கிடைக்கும். இப்போது இடது பக்கம் உட்காருங்கள்.